கொஞ்சம் எட்டாத தேன்

நேயர்களுக்கு வணக்கம். இட்லிப்பூவைப் பறித்து, நடுவில் இருக்கும் நரம்பை மெல்ல உருவி, நுனியில் ஒட்டிய தேனை நாக்கில் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூவின் குழல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருக்கும். மடகாஸ்கர் தீவில் ஆங்கிரேக்கம் என்றொரு ஆர்க்கிட். வெள்ளைப் பூ, இரவில்தான் மணக்கும். அதன் பின்னால் தொங்கும் தேன்குழல் கிட்டத்தட்ட ஓர் அடி!

1862-ல் டார்வின் அதை அளந்தார். குழல் 11.5 அங்குலம், தேன் இருந்ததோ அடியில் 1.5 அங்குலத்தில் மட்டும். அதை எட்டும் அளவுக்கு உறிஞ்சுகுழல் நீண்ட அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருந்தாக வேண்டும் என்று எழுதினார். 1903-ல் ராத்ஸ்சைல்ட், ஜோர்டன் என்ற பூச்சியியலாளர்கள் அந்தப் பூச்சியை விவரித்தார்கள். இது பலரும் கேட்ட கதை. டார்வின் செய்த சோதனையைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

பூவின் வாயில் ஒரு பிளவு இருக்கிறது. டார்வின் ஊசியை நுழைத்துப் பார்த்தார், மகரந்தம் வரவில்லை. பிறகு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனான உருளையைப் பிளவு வழியாக அழுத்தி இறக்கி, வெளியே இழுத்தார். மகரந்தக் கட்டிகள் பசையோடு உருளையில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஆர்க்கிட்டின் மகரந்தம் பொடியாக உதிராது, நேயர்களே; கட்டியாக, பசைத் தட்டோடு இருக்கும். உறிஞ்சுகுழலின் மெல்லிய நுனி பட்டால் போதாது. தலையை ஒட்டிய தடித்த அடிப்பகுதி பிளவுக்குள் அழுந்த வேண்டும்.

பூச்சி எப்போது அப்படி அழுத்தும்? தேன் கொஞ்சம் எட்டாதபோது. குழல் குட்டையாக இருந்தால் அது தள்ளி நின்றே குடித்துவிட்டுப் போய்விடும். பூவுக்கு விதை இல்லை. குழல் மிக நீண்டு தேனே கிடைக்காவிட்டால், பூச்சி திரும்ப வராது. ஆகவே கொஞ்சம் நீண்ட குழலுள்ள செடிக்கு விதை கூடுகிறது. கொஞ்சம் நீண்ட உறிஞ்சுகுழலுள்ள பூச்சிக்குத் தேன் கூடுகிறது. மறுபடி சொல்கிறேன்: கொஞ்சம்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தக் கொஞ்சம் சேர்ந்துதான் ஓர் அடி ஆகியிருக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. சுவீடனில் நில்சன் என்ற ஆய்வாளர் பிளாட்டாந்தேரா ஆர்க்கிட்டில், தேன்குழலின் ஆழத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்த்தார். 1988-ல் முடிவு வெளியானது: ஆழம் குறைந்த பூக்களில் மகரந்தச் சேர்க்கையும் குறைந்தது.

நேரம் நெருங்கிவிட்டது, எதிர்த்தரப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் வாசர்டால் என்ற ஆய்வாளர் வேறு மாதிரி சொல்கிறார்: பூவில் பதுங்கும் சிலந்தியிடமிருந்து விலகி, அந்தரத்தில் நின்று குடிக்கத்தான் பூச்சியின் உறிஞ்சுகுழல் முதலில் நீண்டது, பூ பின்னால் நீண்டது என்று. வாதம் இன்னும் தீரவில்லை. விரிவாகப் பேச இப்போது இடமில்லை.

வீட்டில் அந்திமந்தாரை இருந்தால், இருட்டும் நேரத்தில் அசையாமல் நின்று பாருங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்ளுங்கள். உட்காராமல் சிறகடித்தபடியே குடிக்கும் பூச்சி வந்தால், தலை பூவுக்கு எவ்வளவு நெருங்குகிறது என்பதைக் கவனியுங்கள். வணக்கம்.