கோஷா ஆஸ்பத்திரியின் மேரி ஷார்லீபும் என் 380 ரூபாய் பேனரும்

வணக்கம் நண்பர்களே. தட்டுவடை செட்டு வழக்கம்போல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இன்று ஏற்காட்டுப் பயண வீடியோ இல்லை. நேற்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணன் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, மேரி ஷார்லீப் பற்றி மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்க இங்கே சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். 380 ரூபாய். நான் எழுதிக் கொடுத்தது 'அறுவை மருத்துவர்'. அச்சாகி வந்தது 'செவிலியர்'. கேட்டதற்கு அந்தத் தம்பி, "அந்தக் காலத்துப் பொம்பளைங்கன்னா நர்ஸாத்தானுங்க அக்கா இருப்பாங்க, நானே மாத்திட்டேன்" என்றார். செவிலியர் பணியைக் குறைவாக நினைப்பவள் அல்ல நான். கத்தியைக் கையில் பிடிக்கும் உரிமைக்காக இத்தனை ஆண்டுகள் படித்தவரிடமிருந்து அந்தக் கத்தியைப் பிடுங்கிவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

1845இல் லண்டனில் பிறந்த மேரி, பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தவர். கணவர் வில்லியம் ஷார்லீப்புடன் 1866இல் சென்னைக்கு வந்தார். கணவர் பாரிஸ்டர் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருடைய சட்டப் பணிக்கு உதவிக்கொண்டிருந்த மேரிக்கு, பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னே, கோஷா முறையில் வாழும் பெண்கள் உயிரே போனாலும் ஆண் மருத்துவரை அறைக்குள் விடுவதில்லை என்பதும், பிரசவ வலியிலேயே பலர் இறந்துபோவதும் தெரியவந்தன. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 1875இல், வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1878இல் தேறினார்.

முத்துலட்சுமி ரெட்டி பற்றிய என் பழைய வீடியோவில், அந்தக் கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான் என்று அடித்துச் சொன்னேன். தவறு. அவர் சேர்ந்தது 1907இல். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நால்வரும் அங்கே படித்திருக்கிறார்கள். 'முதல்' என்ற சொல்லே எனக்கு இப்போது பிடிக்காமல் போய்விட்டது.

லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததே 1878இல்தான். சென்னைக் கல்லூரியின் கதவு அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே திறந்துவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு வரும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. சென்னையில் தேறிய மேரி லண்டன் சென்று, 1882இல் மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார். வியன்னாவிலும் சிறிது காலம் பயின்று 1883இல் சென்னைக்குத் திரும்பினார். 1885இல் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. என் பெரியம்மா இன்றைக்கும் அதைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்.

உடல்நலம் கெட்டதால் 1887இல் அவர் லண்டனுக்குத் திரும்ப நேர்ந்தது. எலிசபெத் காரெட் ஆண்டர்சன் நிறுவிய பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்து, பிற்பாடு அவருக்குப் பிறகு தலைமை அறுவை மருத்துவர் பொறுப்பை ஏற்றார். வயிற்றைத் திறக்கும் அறுவைதான் அவருடைய தனித்திறமை. அதன் அருமையை அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளோரோஃபார்ம் வலியை மறக்கச் செய்தாலும், கிருமிகளைத் தடுக்கும் முறை பரவும்வரை, திறந்த வயிறு சீழ் பிடித்து நோயாளி இறப்பதே வழக்கமாக இருந்தது. அனுபவமுள்ள ஆண் மருத்துவர்களே கருப்பைக் கட்டியை அகற்றத் தயங்கினார்கள். அப்படிப்பட்ட வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்தவரைத்தான் ஃபிளெக்ஸ் கடை ஒரே சொல்லில் வேறு தொழிலுக்கு மாற்றிவிட்டது. 1902இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் பெண் நோய் மருத்துவரானார், 1926இல் டேம் பட்டம் (ஆண்களுக்கான 'சர்' பட்டத்துக்கு இணையானது) பெற்றார், 1930இல் மறைந்தார்.

பேனருக்கு வருகிறேன். புதிதாக அடிக்க முழுப் பணமும் கேட்டார்கள். கடை வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்று, கைப்பேசியில் அவருடைய வரலாற்றை மேற்சொன்ன வரிசையிலேயே படித்துக் காட்டினேன். வியன்னாவுக்கு வரும்போதே அந்தத் தம்பி கணினியைத் திறந்துவிட்டார். பாதி விலை, 190 ரூபாய்! இம்முறை 'அறுவை மருத்துவர்' என்று பெரிய எழுத்தில், சிவப்பில், எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருக்கிறது. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். பழைய பேனரைத் தேடாதீர்கள். அதை மாடியில் விரித்து அம்மா காலையிலேயே வடகம் பிழிந்துவிட்டார்.