மேற்கோள் போடும் முன் மூலத்தைத் திறந்து பாருங்கள்: மருத்துவம், நர்சிங், மருந்தியல் மாணவர்களுக்கான கட்டுரை வழிகாட்டி

[திரையில்: பழைய மருத்துவ இதழின் ஒரு பக்கம், மூலையில் சின்னதாக ஒரு கடிதம்]

வணக்கம். 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கடிதம் வந்தது. மொத்தமே 5 வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், ஏற்கெனவே அந்தப் பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானதாகத் தெரிந்தவர்கள் 4 பேர்தான் என்றது அந்தக் கடிதம்.

அப்புறம் அதை மேற்கோள் காட்டாத ஆளில்லை. 2017-ல் அதே இதழில் ஒரு குழு கணக்கெடுத்தபோது 608 மேற்கோள்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் 80 சதவீதம், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் தங்கி மருந்து பெற்றவர்கள் என்பதையே சொல்லவில்லை. வார்டில் நர்ஸ் கண்காணிப்பில் மருந்து பெறுவதும், வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றாகுமா? "அடிமையாவது அரிது" என்ற வரி மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை தாவியது. வட அமெரிக்காவில் ஏராளமானோர் இந்த மருந்துகளுக்கு அடிமையான ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள் பழக்கமும் ஒரு காரணம் என்று அந்தக் குழு எழுதியது.

அதனால்தான் கட்டுரை எழுதும் முறையை எழுத்துரு, மார்ஜினில் தொடங்காமல் இங்கே தொடங்குகிறேன். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். வடிவ விதிகள் பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கின்றன.

[திரையில்: முன்னுரை, ஆய்வு முறை, முடிவுகள், விவாதம்]

சரி, கட்டுரையின் எலும்புக்கூடு. சொந்தமாகத் தரவு திரட்டும் கட்டுரைக்கு இந்த நான்கு பகுதிகள்தான். படிப்பவர் இந்த வரிசையில் படிப்பார். நீங்கள் இதே வரிசையில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆய்வு முறையை முதலில் எழுதுங்கள். என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், கை ஓடும். அடுத்து முடிவுகள், பிறகு விவாதம், முன்னுரை. சுருக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முறையில் மாணவர்கள் எப்படிச் சறுக்குகிறார்கள் என்று பாருங்கள். "நோயாளிகளின் ரத்த அழுத்தம் அளக்கப்பட்டது." இதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திரும்பச் செய்ய முடியாது. இப்போது இதைப் படியுங்கள்: "5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, வலது கையில், தானியங்கிக் கருவியால், 1 நிமிட இடைவெளியில் 2 முறை அளந்து, சராசரி எடுக்கப்பட்டது." எந்தக் கருவி, என்ன மாடல் என்பதையும் சேர்த்தால் முடிந்தது. அதே ஊரில் இல்லாத ஒருவர்கூட இதை அப்படியே செய்து பார்க்கலாம்.

முடிவுகள் பகுதியில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "இதனால் தெரிவது என்னவென்றால்" என்பதெல்லாம் விவாதத்துக்கு உரியது. அட்டவணையில் இருக்கும் எண்களை வாக்கியமாக மறுபடி ஒப்பிக்க வேண்டாம். விவாதத்தில் உங்கள் ஆய்வின் குறைகளை நீங்களே சொல்லிவிடுங்கள். நல்ல மதிப்பீட்டாளர் அதைத்தான் முதலில் தேடுவார்.

எந்த வகை ஆய்வுக்கு எதைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்குத் தனித்தனிச் சரிபார்ப்புப் பட்டியல்கள் உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலப் பிரிக்கும் ரேண்டமைஸ்டு சோதனைக்கு கன்சார்ட், ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் முறையான மீளாய்வுக்கு பிரிஸ்மா, சிகிச்சையில் தலையிடாமல் கவனிக்கும் கூர்நோக்கு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், ஒரே நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டுக்கு கேர். எல்லாமே இலவசம். எழுதி முடித்த பிறகு தேடாமல், ஆய்வைத் திட்டமிடும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: .5 மி.கி. என்ற எழுத்து பெரிதாகிறது; புள்ளி மங்குகிறது]

இந்தத் துறைக்கே உரிய ஒரு விஷயம். மருந்தளவை ".5 மி.கி." என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடலாம். "5.0 மி.கி." என்றால் 50 ஆகிவிடலாம். இரண்டிலும் 10 மடங்கு. 0.5 என்றும் 5 என்றும் எழுதுங்கள். ஆனால் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்), ஏ.எம்.ஏ. (அமெரிக்க மருத்துவச் சங்கம்) எழுத்து முறைகளில் பி-மதிப்புக்கு (உண்மையில் வேறுபாடே இல்லை என்றால் இவ்வளவு வேறுபாடு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண்) முன்னால் பூஜ்யம் கிடையாது. அது 1-ஐத் தாண்டாது என்பதால் அங்கே .03 போதும். புள்ளியியல் மென்பொருள் .000 என்று காட்டினால் அதை அப்படியே போடாமல் "<.001" என்று எழுதுங்கள். மருந்துக்கு வணிகப் பெயர் வேண்டாம், பொதுப்பெயர் போதும். ஆட்களை நோயின் பெயரால் கூப்பிடாமல் "வலிப்பு நோய் உள்ளவர்" என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, பதிவு எண் எதுவும் எங்கும் இருக்கக் கூடாது. எக்ஸ்ரே படத்தின் மூலையில் பெயர் அச்சாகியிருக்கும், அதை மறந்துவிடுகிறார்கள்.

மேற்கோள் முறைக்கு வருவோம். மருத்துவ இதழ்களில் பெரும்பாலும் வான்கூவர் அல்லது ஏ.எம்.ஏ.; வரும் வரிசையில் எண் போடுவது. 1978-ல் வான்கூவர் நகரில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கூடிப் பேசியதால் அந்தப் பெயர். நர்சிங்கிலும் உளவியலிலும் ஏ.பி.ஏ. அதிகம்; அங்கே ஆசிரியர் பெயரும் ஆண்டும். ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பில் 3 அல்லது அதற்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறையே "மற்றும் பிறர்" போட்டுவிடலாம். எது வேண்டும் என்று உங்கள் துறையில் கேட்டுவிட்டு ஒன்றையே கடைசி வரை பிடியுங்கள்.

இதையெல்லாம் கையால் தட்ட வேண்டாம். ஜொடேரோ போன்ற இலவச மென்பொருள் போதும். பத்தியை இடம் மாற்றினால் எண்ணும் தானாக மாறும். ஆனால் அது இழுத்துவரும் விவரத்தை நம்பிவிடாதீர்கள். ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடிக்கடி தப்பாக வரும். எழுத்துரு, இடைவெளி, பக்க எண்ணுக்கு உங்கள் துறை தரும் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

ஏ.ஐ. கருவியிடம் மேற்கோள் பட்டியல் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லாத கட்டுரையை, நிஜ இதழின் பெயரோடு, நம்பும்படி அது உருவாக்கித் தந்துவிடும். அதனால் சமர்ப்பிக்கும் முன் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ.-யையும் (கட்டுரைக்கென்றே தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்) கிளிக் செய்யுங்கள். பக்கம் திறக்கிறதா, தலைப்பு பொருந்துகிறதா, நீங்கள் சொன்ன எண் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, யாரிடம் எடுத்த எண் அது? இவற்றில் ஒன்று இடித்தாலும், அந்த மேற்கோளோடு அது தாங்கும் வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள்.