மோதலில் அடி வாங்குவது வாயுதான்

நண்பர்களே, இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் (ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிக் கூட்டங்கள்) மோதுகின்றன என்றதும் நட்சத்திரங்கள் முட்டிச் சிதறுகிற மாதிரி ஒரு காட்சிதான் பலருக்கும் மனத்தில் ஓடுகிறது. அப்படி நடப்பதில்லை. கேலக்ஸிகளுக்கு இடையே அவ்வளவு இடைவெளி, பெரும்பாலும் உரசாமலே கடந்து போய்விடுகின்றன. அடி முழுக்க விழுவது அந்த இடைவெளியை நிரப்பியிருக்கும் வாயுவின் மேல்.

ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் துகள் என்கிற அளவில்தான் அந்த வாயு இருக்கிறது. ஆனால் கொத்து பல மில்லியன் ஒளியாண்டு விரிந்து கிடப்பதால், மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் அதிலுள்ள நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் விட வாயுவின் நிறை பல மடங்கு வருகிறது. வெப்பம் 1 கோடியிலிருந்து 10 கோடி டிகிரி வரை போகும், அதனால்தான் அது எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது.

சரி, மோதினால்? புல்லட் கொத்தைப் பாருங்கள். சிறிய கொத்து ஒன்று பெரிய கொத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. கேலக்ஸிகள் முன்னால் போய்விட, வாயுவோடு வாயு மோதித் தேங்கிப் பின்தங்கியது. சந்திரா என்கிற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் அந்த வாயு தோட்டா முனை மாதிரியே இருக்கிறது, அதற்கு முன்னால் வில் போல வளைந்த ஓர் அதிர்வலை. அதன் வேகம் ஒலியைப் போல சுமார் 3 மடங்கு. அந்தச் சூட்டில் ஒலியே நொடிக்கு 1000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2006இல் ஈர்ப்பு ஒளியை வளைப்பதை வைத்து நிறை எங்கே இருக்கிறது என்று வரைந்தார்கள். பெரும்பகுதி வாயுவை விட்டுவிட்டு கேலக்ஸிகளோடு போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளுக்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் என்னை அதிகம் பிடித்துவைத்திருப்பது ஏபெல் 2142 என்கிற கொத்து. 2000ஆம் ஆண்டு சந்திரா படத்தில் அதன் வாயுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பு தெரிந்தது. அதிர்வலை என்றால் அடர்த்தியான பக்கம் சூடாக இருக்கவேண்டும். அளந்தால் அடர்ந்த பக்கம்தான் குளிர்ந்திருக்கிறது! குளிர் என்றாலும் கோடிக்கணக்கான டிகிரிதான், பக்கத்து வாயுவோடு ஒப்பிட்டால் குளிர். இதைக் குளிர் முகப்பு என்கிறார்கள். மோதலில் தப்பிப் பிழைத்த ஒரு மையத்தின் வாயு அது என்று அப்போது விளக்கினார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சூடு ஏன் உள்ளே பாயவில்லை? விளிம்பை ஒட்டிப் போர்வை மாதிரி படிந்த காந்தப்புலம் தடுக்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

நேருக்கு நேர் மோதவேண்டும் என்றுகூட இல்லை. ஓரமாக ஒரு சிறு கொத்து கடந்து போனாலே போதும், பாத்திரத்தை ஆட்டினால் தண்ணீர் அலம்புவது போல மைய வாயு அலம்பத் தொடங்கிவிடும், பெர்சியஸ் கொத்தில் அது சுருள் சுருளாகத் தெரிகிறது. அப்புறம் 2016இல் ஜப்பானின் ஹிட்டோமி என்கிற எக்ஸ் கதிர் விண்கலம் அங்கே வாயு கலங்கும் வேகத்தை அளந்தது: நொடிக்கு சுமார் 164 கிலோமீட்டர். எதிர்பார்த்ததைவிட அமைதி. அடுத்த சில வாரங்களில் அந்த விண்கலத்தையே இழந்தோம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அலம்பல் அடங்க நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம், அதற்குள் இன்னொரு சிறு கொத்து வந்து விழுவதும் உண்டு.