கரண்டு வேலையில் இருந்து சந்தை வேலைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

டிரிப்பிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) படித்துவிட்டு மார்க்கெட்டிங் ஆலோசகராக இருக்கிறேன். கல்யாண வீடுகளில் எங்கள் அம்மா மட்டும் இன்றைக்கும் ‘பையன் கரண்டு வேலை பாக்கான்’ என்றுதான் சொல்கிறாள். அது முழுப் பொய்யும் இல்லை.

படிப்பு முடிந்ததும் அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு மோட்டாரும் கெப்பாசிட்டர் பேனலும் விற்றேன். உயர் அழுத்த இணைப்பில் பவர் ஃபேக்டர், அதாவது வாங்குகிற மின்சாரத்தில் வேலைக்கு ஆகிற பங்கு, 0.90-க்குக் கீழே போனால் அபராதம் வரும். அதை ஏற்றிவிடத்தான் கெப்பாசிட்டர் பேனல். முதலாளிகளுக்கு இதை டீக்கடை டீயை வைத்துத்தான் விளக்குவேன். உயர ஆற்றித் தந்த டீ கிளாஸ் நிறைய நிற்கும். நுரை அடங்கினால் முக்கால் கிளாஸ். 100 கேவிஏ (நுரையும் சேர்ந்த முழு கிளாஸ்) வாங்கி, பவர் ஃபேக்டர் 0.75 என்றால் வேலை செய்வது 75 கிலோவாட்தான். நுரைக்கும் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கும் காசு.

ஒரு அண்ணாச்சி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “பேனல் கெடக்கட்டும் வே. என் அரிசிக்கும் இப்படி ஒரு பேச்சுச் சொல்லும், விக்கட்டும்” என்றார். என் தொழில் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆரம்பமே சொதப்பல். நாலுமுக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கச் சொன்னேன். வைத்தார். ஒரு மூட்டைகூடக் கூடுதலாகப் போகவில்லை. ஃப்ளெக்ஸ் காசு பூராவும் நுரை.

வெட்கமாக இருந்தது. மோட்டார் சூடாகிறது என்றால் முதலில் டங் டெஸ்டரை மாட்டி மூன்று பேஸிலும் எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று பார்க்கிறவன், அரிசி விஷயத்தில் மட்டும் அளக்காமல் மருந்து கொடுத்துவிட்டேன். அப்புறம் தென்காசியில் அவர் அரிசி விற்கிற மளிகைக் கடையில் இரண்டு நாள் நோட்டோடு உட்கார்ந்தேன்.

விற்பது அம்பை 16, குண்டு அரிசி, இட்லிக்கு வாங்குவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் விலைக்கு முன்னால் கேட்டது, “பழசா, புதுசா?” கடைக்காரர் குத்துமதிப்பாகத்தான் பதில் சொன்னார். இன்னொன்று, மூட்டை 26 கிலோ. 2022 ஜூலையில், 25 கிலோ வரை பெயர் அச்சிட்டுக் கட்டின அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைகள் ஒரு கிலோ கூட்டித் தப்பித்துக்கொண்டன. வரிக்கு அது சரி. மாவு விற்கிற அக்கா ஒருத்தி 26 கிலோவை எப்படித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள்?

‘பிசான நெல் (பிசானப் பருவத்தில் விளைந்தது), அரைத்த மாதம் இன்னது’ என்று பையில் அச்சிடச் சொன்னேன். வரி கட்டியே 5 கிலோ பையும் போடச் சொன்னேன். கொஞ்ச நாளில் அந்தக் கடைக்காரரே போன் போட்டுச் சரக்குக் கேட்டார்.

காசு வாங்குவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். மோட்டாருக்கு பில் போட்டால் தந்துவிடுவார்கள், யோசனைக்கு பில் போட்டால் “பேசினதுக்கா?” என்பார்கள். அதனால் டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி ஒரு தாள் கொடுக்க ஆரம்பித்தேன்: எந்தக் கடை, எத்தனை பேர், என்ன கேட்டார்கள். எண் உள்ள தாளுக்கு நம் ஊரில் தனி மரியாதை.

படித்தது வீணா என்று தம்பிகள் கேட்கிறார்கள். ஒரு சோலார் கடை நோட்டீஸில் பாதிக்கு மேல் பேனலின் வாட்டும் செல்லின் வகையும்தான் இருந்தது. வீட்டுக்காரருக்கு வேண்டியது ரெண்டு மாச பில் எவ்வளவு குறையும் என்பது. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட் என்று கணக்குப் போட்டு, அதை முதல் வரியாக வைத்தேன். பாடம் படிக்காதவன் அந்த நோட்டீஸில் கைவைக்கவே பயந்திருப்பான்.

ஆலை அண்ணாச்சியை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். விற்பனைக் கணக்கைப் பேசி முடித்து எழுந்தால், “வந்தது வந்தீரு, அந்த ரெண்டாம் நம்பர் மோட்டார் என்னமோ சத்தம் போடுது, பாத்துட்டுப் போரும்” என்பார். பேரிங் போயிருந்தது. அதற்கு நான் பில் போடவில்லை.

வணக்கம்.