பெரியம்மை ஆயுதமானால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது யார்?

டெல்டா மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பெரியவர்களின் கையைப் பாருங்கள், அம்மை குத்திய தழும்பு இருக்கும். 1980-க்குப் பின் பிறந்தவர்களுக்கு இருக்காது. காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. தழும்பு வேறு. இந்தியாவின் கடைசி பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தோடு சரி. கிருமி மட்டும் இன்னும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் பூட்டில் இருக்கிறது. பூட்டை மட்டும் நம்ப முடியாது. 2014-இல் அமெரிக்காவில் ஒரு பழைய குளிர் அறையில் இந்தக் கிருமி இருந்த, மறந்துபோன குப்பிகள் அகப்பட்டன. அதற்கு முன்பே சோவியத் ஒன்றியம் இதை ஆயுதமாக வளர்த்திருந்தது.

யாராவது இதைப் பரப்பினால் அன்றைக்கே தெரியாது. உடம்பில் புகுந்து ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் கடுங்காய்ச்சல், தலைவலி, இடுப்புவலி. பிறகு இரண்டு மூன்று நாளில் கொப்புளம். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் நிறைய போடும். புதிதும் காய்ந்ததும் கலந்திருக்கும். பெரியம்மை முகம், கை, கால்களில் அதிகம். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். ஓரிடத்துக் கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில், தொட்டால் தோலுக்குள் பதித்த பயறு போலக் கெட்டியாக இருக்கும்.

நம் பக்கத்துச் சிக்கல் என்னவென்றால், "அம்மா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகுகிறோம். தெருவுக்கு அது நல்ல அறிவிப்புதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போவதில்லை. தடுப்பூசியோ, கிருமி பட்ட நான்கு நாளுக்குள் போட்டால்தான் நன்றாகக் காக்கும்.

ஊர் முழுக்கப் போட வேண்டியதில்லை. நோயாளியோடு இருந்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று வளையமாகப் போட்டுத்தான் அன்று நோயை ஒழித்தார்கள். இரட்டை முனை ஊசியால் ஒரே இடத்தில் 15 குத்து. ஸ்பிரிட் தடவிக் காயுமுன் குத்தினால் மருந்திலுள்ள கிருமி செத்து, ஊசி வீணாகும். ஏழாம் நாள் வாக்கில் கொப்புளம் எழாவிட்டால் மறுபடி குத்த வேண்டும்.

நோயாளியைத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் ஏற்றாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ 104-இலோ முதலில் சொல்லுங்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று வெளியே விடாதீர்கள். கடைசிப் பொருக்கு உதிரும்வரை தொற்றும். துணியை ஆற்றுப் படித்துறையில் அலசாமல் வீட்டிலேயே கொதிக்க வையுங்கள். உடன் இருந்தவர்கள் 21 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.