அப்பாவின் காட்டு நோட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு பெரியவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரமெல்லாம் தொழிற்சாலை, ஞாயிறென்றால் ராமநகரப் பாறைகள் அல்லது ஹெசரகட்டா புல்வெளி என்று பறவை பார்க்கக் கிளம்பிவிடுபவர். பதினாறாம் நாள் பேசச் சொன்னால் பிள்ளைகள், "அப்பாவுக்கு இயற்கை மேல் கொள்ளைப் பிரியம், குடும்பமென்றால் உயிர்" என்று முடித்துவிடுகிறார்கள். எந்த அப்பாவுக்கும் பொருந்துகிற பேச்சு இது. அவரைத் தனியாக அடையாளம் காட்டுவது அந்தப் பயணங்களில் பார்த்ததை அவர் எழுதிவைத்த நோட்டுகள்தான். அவையோ காரியத்துக்கு வீடு ஒழிக்கும்போதே பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். அவருடைய அலமாரியை யாரும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நோட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகச் செல்போனில் படமெடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் பென்சில் எழுத்து பளபளத்துப் படிக்க முடியாமல் போகும். அட்டையின் உள்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பஸ் நம்பரும் கூட வந்தவர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் கிறுக்கியிருக்கும்.

அடுத்து, வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து அதே தேதிகளுக்கு நேராக வையுங்கள். இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. மார்ச் மாதங்களில் ஒரு பயணம்கூட இல்லையா? பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்திருக்கும். நாலைந்து மாதம் எழுத்தே இல்லையென்றால் அதே மாதங்களில் மருந்துக்கடைக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுக்குப் போகாத நாட்கள்தான் அவருடைய குடும்பப் பாசத்தைச் சொல்லும். அம்மாவிடம், "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் அழுகைதான் வரும். எத்தனை மணிக்குக் கிளம்புவார், என்ன டிபன் கட்டிக்கொண்டு போவார், சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் யாரிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தார் என்று கேளுங்கள். சங்கதி வரும்.

பறவைக் குறிப்புகளை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம். தேதியும் இடமும் இருந்தால் போதும். நேரமும் நடந்த தூரமும் தெரியாதபோது 'ஹிஸ்டாரிகல்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அவர் பெயரிலேயே தனிக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் அவர் பார்த்ததெல்லாம் நீங்கள் பார்த்ததாகக் கலந்துவிடும். பழைய நோட்டில் 'பிராமினி டக்' என்றிருப்பது இன்றைய பட்டியலில் 'ரட்டி ஷெல்டக்'. புரியாத பெயரை ஊகித்து நிரப்பவே கூடாது.

இத்தனை சிரமம் எதற்கு என்றால், ராமநகரப் பாறைகளில் கூடு கட்டும் பாறு கழுகுகளைப் பாருங்கள். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்ததில், 1990களில் நாடு முழுக்கப் பாறுகள் சரிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006இல். அதற்கு முன்பு ஒரு பாறையில் எத்தனை உட்கார்ந்திருந்தன என்று தேதியோடு எழுதிய ஒரு வரிகூட ஆவணம்தான்.

பைனாகுலரைத் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், தோல் ஈரம் பிடிக்கும். முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்தால் சிலந்தி நூல் போலத் தெரிவது பூஞ்சை. அது உள்ளே இருப்பதால் துடைத்துப் பயனில்லை, பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அவருடைய மலையேற்ற ஷூவை ஆசையாக மாட்டிக்கொண்டு சாவனதுர்கா மலை ஏறாதீர்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் சும்மா கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் சில ஆண்டுகளில் உதிரும். பாதி வழியில் அடி கழன்றுவிடும்.

நினைவாக மரம் நடுவதும் இப்போது வழக்கம். ஹெசரகட்டா புல்வெளியில் மட்டும் வேண்டாம். வானம்பாடிகளுக்கும் குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகளுக்கும் அங்கே திறந்த வெளிதான் தேவை.

அலமாரியில் மான்கொம்போ புலிநகமோ இருந்தால் உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். வாரிசாக வந்த பொருளை 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மல்லேஸ்வரத்தில் உள்ள வனத்துறை அலுவலகமான அரண்ய பவனில் விசாரித்துக்கொள்ளலாம். சொந்தக்காரருக்கு ஞாபகார்த்தமாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தவரும் வாங்கியவரும் சிக்குவார்கள்.