பாலாற்றங்கரை மண்ணும் குரோமியமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் கெட்டுப்போன நிலங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அங்கே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மைய மதிப்பீடு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. உழவர்களின் முறையீட்டுக்கு நீதிமன்றத்தில் வலுச் சேர்த்தவற்றுள் இந்த அளவீடும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் கழிவோடு வரும் உலோகமான குரோமியம் மண்ணில் எவ்வளவு என்று கேட்பவர்கள், அது எந்த வடிவில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். அது பெரும்பாலும் மண்ணிலேயே படிந்து, மட்கோடு, அதாவது மக்கிய கரிமப் பொருளோடு பிணைந்து நின்றுவிடும். குரோமேட் உப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளின் கழிவில் இருப்பதோ அறுவிணைதிறக் குரோமியம். புற்றுநோயை உண்டாக்கும் இந்த வடிவம் நீரில் எளிதில் கரையும். அதுவும் எதிர்மின்னூட்டம் கொண்டதாகையால், எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண் துகள்கள் அதைப் பிடித்து வைக்காமல், மழைநீரோடு இறங்கிக் கிணற்றைச் சென்றடையும்.

இத்துடன் முடிந்தால் மூவிணைதிற வடிவத்தைக் குறித்துக் கவலையின்றி இருக்கலாம். ஆனால், மண்ணில் இயல்பாகவே உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதன் ஒரு பகுதியை நச்சு மிகுந்த அறுவிணைதிற வடிவத்துக்கு மாற்றக்கூடும் என்பதை அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்டார்கள். ஆகவே, ஒரு வயல் பாதுகாப்பானதா என்பதை அறியக் குரோமியத்தின் மொத்த அளவுடன், கார அமிலத் தன்மை, மட்கின் அளவு, மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

சீரமைப்பும் இந்த வேதியியலைச் சார்ந்ததே. இரும்பு சல்பேட்டும் தொழுவுரம் போன்ற கரிமப் பொருள்களும் அறுவிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிற வடிவத்துக்கு இறக்குகின்றன. ஆயினும் உலோகம் மண்ணைவிட்டு வெளியேறுவதில்லை. எனவே அந்த நிலத்தைத் தொடர்ந்து கண்காணித்தாக வேண்டும். செடிகளை வளர்த்து உலோகத்தை உறிஞ்சலாம் என்போர், அறுவடை செய்த அச்செடிகளே நச்சுக் கழிவாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

குரோமியத்தைவிடப் பரவலாக விளைச்சலைக் கெடுத்தது உப்பு என்பது என் கருத்து. தோல் அழுகாமலிருக்கத் தடவும் கல்லுப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு அதை நீக்குவதில்லை. சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து, மண் இறுகி, நீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் உதவும். ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவி வடிக்க நல்ல நீர் தேவை. பாலாறு பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும் வட்டாரத்தில் அந்த நீரை எங்கிருந்து தருவது என்பதற்கு விடை சொல்லாத எந்தச் சீரமைப்புத் திட்டமும் முழுமையானதாகாது.

அவ்வட்டார உழவர்களுக்கு வழங்கப்படும் மண் பரிசோதனை அறிக்கையில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு, களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் பரிமாற்றச் சோடியத்தின் அளவும் குரோமியத்தின் வடிவமும் இடம்பெற வேண்டும் என்று அரசையும் ஆய்வு நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறேன். மேல்மண்ணில் மட்டும் மாதிரி எடுக்காமல், கழிவு இறங்கிய ஆழம் வரை எடுக்க வேண்டும். அதன் முடிவுகள் அந்த நிலத்தை உழுபவரின் கையில் தமிழில் கிடைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.